பீடம் ஒன்று, சுவர் எதற்கு? – மதமும் நம்பிக்கையும் கருத்தியலும் பற்றி ஒரு சமூகவியல் நோக்கு

(பொன்விழாவையொட்டி நமது பங்கில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா என்றால் கொடியேற்றம் உண்டு, நவநாள் உண்டு, தேர்பவனி உண்டு, அசனம் உண்டு. இவற்றோடு ஒரு மாலைப்பொழுதாவது உட்கார்ந்து சிந்திக்கவும் வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பியிருக்கிறார்கள். நமக்குத் தந்திருக்கும் தலைப்பு சற்றுக் கடினமானது. மதம், நம்பிக்கை, கருத்தியல் ஆகியவற்றைச் சமூகவியலார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அது. கல்லூரி வகுப்புக்கு உரிய பொருளாயிற்றே, பங்குமக்களுக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆனால் இந்தக் கல்வி பேசுவது நம்மைப் பற்றித்தான். நாம் ஏன் கூடுகிறோம், கூடும்போது யார் அருகில் யார் அமர்கிறோம், இறந்தபின் எங்கே புதைக்கப்படுகிறோம் என்பதெல்லாம் அதன் பாடங்கள்.

சமூகவியல் கேட்கும் கேள்வி

முதலில் ஒரு தெளிவு வேண்டும். இறைவன் உண்டா இல்லையா என்பது சமூகவியலின் கேள்வி அன்று. அதற்கு விடை சொல்லும் கருவி அந்தக் கல்வியிடம் இல்லை. மருத்துவர் நாடி பார்த்து உடல்நிலையைச் சொல்வார். ஆன்மாவைப் பற்றி நாடி பேசாது. அதுபோலவே நம்பும் மனிதர் ஒன்றுகூடி என்ன செய்கிறார்கள், அந்த நம்பிக்கை அவர்களுடைய குடும்பத்தையும் தொழிலையும் ஊரையும் எப்படி மாற்றுகிறது, ஊரும் தொழிலும் அந்த நம்பிக்கையை எப்படி வளைக்கின்றன என்பதையே சமூகவியலார் ஆராய்கின்றனர். ஆகவே இக்கல்வியைக் கண்டு விசுவாசி அஞ்ச வேண்டியதில்லை. முகத்தில் கறை இருந்தால் காட்டும் கண்ணாடியை யாரும் பகையாக நினைப்பதில்லை.

மூன்று சொற்களின் பொருளையும் இங்கே வரையறுத்துக்கொள்வோம். நம்பிக்கை என்பது மனிதர் உண்மையென ஏற்று, அதன்மேல் வாழ்வை வைப்பது. மதம் என்பது அந்த நம்பிக்கையைச் சுற்றி எழுந்த வழிபாடு, ஒழுக்கம், நிறுவனம், மக்கட்கூட்டம் எல்லாம் சேர்ந்தது. கருத்தியல் என்பது, நம்மிடையே சித்தாந்தம் என்றும் வழங்குவது, ஒரு சமூகத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வை இயற்கையானது, நியாயமானது, என்றென்றும் இருந்து வருவது என்று தோன்றச் செய்யும் எண்ணங்களின் தொகுதி. முதல் இரண்டும் நமக்குப் பழக்கமானவை. மூன்றாவது, தன் பெயரைச் சொல்லாமலே நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் விருந்தாளி.

மூன்று அறிஞர்கள்

எமில் துர்க்கைம் 1858-இல் பிரான்சு நாட்டின் எப்பினால் நகரில் ஒரு யூத மத குருவின் மகனாகப் பிறந்தவர். 1912-இல் வெளியான தம் பெருநூலில், மதத்தின் அடிப்படைப் பணி மக்களை ஒன்றாகக் கட்டுவதே என்று அவர் காட்டினார். மனிதர் கூடி ஒரே பாட்டைப் பாடி, ஒரே பொருளின் முன் தலைவணங்கும்போது, தனியாக இருக்கையில் இல்லாத ஒரு வலிமை அவர்களுக்குள் பிறக்கிறது. கொடியேற்ற நாளன்று நமக்கு ஏற்படும் சிலிர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் பேச்சுவார்த்தை இல்லாத இரு வீட்டார் அன்று ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்களே, அதைத்தான் அவர் சொன்னார். அதற்கும் முன்பு, 1897-இல், தற்கொலையைப் பற்றி ஆராய்ந்தபோது, ஐரோப்பாவில் கத்தோலிக்கரிடையே அது புரோட்டஸ்டாண்டு மக்களிடையே இருந்ததைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டார். தற்கொலை பாவம் என்று இரு சபைகளுமே போதித்தன. எனவே வேற்றுமைக்குக் காரணம் போதனையில் இல்லை. மனிதரை மனிதரோடு பிணைக்கும் கட்டின் இறுக்கத்தில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். தனிமையில் வாடும் முதியவரை ஞாயிறுதோறும் ஒருவர் வாசலில் நின்று விசாரிப்பதும் ஒரு மருந்துதான் என்பதை நாம் இதிலிருந்து கற்கலாம்.

ஆனால் துர்க்கைம் சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒரு கயிறு சிலரைச் சேர்த்துக் கட்டும்போது, வேறு சிலரை வெளியே நிறுத்தவும் கூடும். இதைக் கூர்ந்து பார்த்தவர் கார்ல் மார்க்சு. 1844-இல் வெளியான கட்டுரையில் அவர் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டது எல்லாரும் அறிந்ததே. துன்பப்படுகிறவர்களின் வேதனையும், அந்த வேதனைக்கு எதிரான முறையீடும் மதத்தில் ஒலிக்கின்றன என்று அதே இடத்தில் அவர் கூறியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருடைய கடவுள் மறுப்பை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வியைத் தள்ள முடியாது. ஒரு போதனை அல்லது வழக்கம் நிலைத்திருப்பதால் ஆதாயம் அடைபவர் யார் என்பதே அந்தக் கேள்வி.

மூன்றாமவர் மாக்சு வேபர். 1904, 1905 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வில், கால்வினிய சபையாரின் மத நம்பிக்கை அவர்களை உழைப்பிலும் சிக்கனத்திலும் எவ்வாறு செலுத்திற்று, அது மேற்கு நாடுகளின் புதிய பொருளாதார மனப்பான்மைக்கு எவ்வாறு துணை செய்தது என்று காட்டினார். பொருளாதாரம் மதத்தை உருவாக்குகிறது என்றவர்களுக்கு, மதமும் பொருளாதாரத்தை உருவாக்கும் என்று அவர் விடை தந்தார். நம்பிக்கை வெறும் நிழலன்று. வரலாற்றை நகர்த்தும் கையாகவும் அது இருக்கும்.

இவர்களுக்குப் பின் வந்தவர்களுள் இருவரைக் குறிப்பிட்டால் போதும். கார்ல் மன்ஹைம் 1929-இல் எண்ணங்களை இரு வகையாகப் பிரித்தார். இருக்கும் ஒழுங்கைக் காத்து நிற்பவை ஒரு வகை. அந்த ஒழுங்கை உடைத்து, இன்னும் வராத ஒன்றை நோக்கி இழுப்பவை மற்றொரு வகை. பீட்டர் பெர்கர் 1967-இல் மதத்தை ஒரு புனித விதானமாக உருவகித்தார். மனிதர் தாமே ஓர் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். நாளடைவில் அது தமக்கு வெளியே தானாக நிற்பதுபோல் தோன்றுகிறது. பின்பு அவர்களுடைய பிள்ளைகள் அதை வானமும் பூமியும்போல ஏற்றுக்கொள்கிறார்கள். அதன்மேல் மதம் ஒரு பந்தலை விரித்துவிட்டால், கேள்வி கேட்பதே பாவமாகிவிடுகிறது. நம் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரே சொல் உண்டு. ‘வழக்கம்’ என்பது அது.

வடக்கன்குளத்துச் சுவர்

இந்தக் கோட்பாடுகள் ஏட்டில் நின்றுவிடாதிருக்க, நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் பழமையான கத்தோலிக்க ஊர். அங்கே 19ஆம் நூற்றாண்டில் எழும்பிய கோவிலில் பீடம் ஒன்று. ஆனால் மக்கள் நின்று பூசை காணும் பகுதி இரண்டு. ஒரு பக்கத்தில் பிள்ளைமாரும் முதலிமாரும், மறு பக்கத்தில் நாடார் முதலான மற்றவர்கள், நடுவே சுவர். பீடத்தில் நின்ற குருவானவர் இரு பக்கத்தையும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. ஒரே பீடத்திலிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போலப் பிரிந்த கோவில் என்று அதைப் பற்றி எழுதியவர்கள் வருணித்தார்கள்.

1910ஐ ஒட்டிய காலத்தில் திருச்சபை அதிகாரிகள் அந்தச் சுவரை அகற்றினார்கள். உடனே வழக்கு எழுந்தது. தங்களைச் சாதிக் கிறிஸ்தவர்கள் என்று அழைத்துக்கொண்டவர்கள் திருச்சி ஆயர்மீது வழக்குத் தொடுத்தார்கள். சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், பீடப் பணிகளில் தங்களுக்கே உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. அவர்கள் கேட்ட பரிகாரத்தை நீதிமன்றம் தரவில்லை. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தீர்ப்பு பதிவாகியிருக்கிறது. ஒரே நற்கருணையை உட்கொண்டவர்கள், தங்களுக்கு இடையே சுவர் வேண்டும் என்று அரசு நீதிமன்றத்தை நாடினார்கள் என்பது சிந்திக்கத் தக்கது.

இந்த நிகழ்ச்சியை நம் அறிஞர்களின் கண்ணால் பார்ப்போம். அந்தக் கோவிலில் துர்க்கைம் சொன்ன கூட்டுணர்வு இருந்தது. ஆனால் ஒரு கூரையின் கீழ் இரண்டு கூட்டுணர்வுகளாக இருந்தது. சுவரால் ஆதாயம் யாருக்கு என்ற மார்க்சின் கேள்விக்கு விடை எளிது. சுவர் வேண்டும் என்று வழக்காடியவர்கள் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். மறு பக்கத்திலிருந்து அப்படி ஒரு வழக்கு வரவில்லை. பெர்கர் சொன்னதும் அங்கே நடந்தது. மனிதர் கையால் செங்கல் வைத்துக் கட்டிய சுவர், ஒரே தலைமுறைக்குள் கோவிலின் மரபாகவே எண்ணப்பட்டது.

அந்தச் சுவர் எப்படி வந்தது?

அந்த மக்கள் நம்மைவிடக் கெட்டவர்கள் என்று முடிவு கட்டிவிட்டால், நாம் எதையும் கற்றுக்கொள்ளாதவர் ஆவோம். சுவருக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

முதற்காரணம், நம் முன்னோர் பலர் தனி மனிதராக மனம் மாறியதைவிடக் குலமாகத் திருமுழுக்குப் பெற்றதே அதிகம். முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவ மக்கள் ஒரே சமயத்தில் சமூகமாகத் திருச்சபையில் சேர்ந்தார்கள். கடல் தொழிலில் தங்களுக்கு நேர்ந்த நெருக்கடியில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1542-இல் புனித சவேரியார் வந்து அவர்களுக்கு மறைக்கல்வி புகட்டினார். இவ்வாறு குலம் முழுவதுமாக வரும்போது, குலத்தின் கட்டுப்பாடும் பஞ்சாயத்தும் பெருமையும் பகையும் கூடவே வந்துவிடுகின்றன. தண்ணீர் ஒருவர்மேல் ஊற்றப்பட்டாலும், முடிவு ஊர்க்கூட்டத்தில் எடுக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மத அடையாளங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். கிறிஸ்தவராவதற்கு ஒருவர் ஐரோப்பியராக வேண்டியதில்லை என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. 1623-இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் அந்த வழக்கங்களுக்கு இசைவு தந்தார். இன்றைக்கு நாம் தமிழில் பூசை கேட்டு, குத்துவிளக்கேற்றி, பொங்கல் வைத்து விழாக் கொண்டாடும்போது, அந்தச் சிந்தனையின் கனியைத்தான் உண்கிறோம். ஆனால் மதம் வேறு, சமூக வழக்கம் வேறு என்ற அதே பிரிவினைக்கு மற்றொரு விளைவும் இருந்தது. சாதியும் சமூக வழக்கந்தானே, அதில் மதம் ஏன் தலையிட வேண்டும் என்ற வாதத்துக்கு அது இடம் கொடுத்தது. 1640ஐ ஒட்டி, உயர்குலத்தாரிடையே உழைத்த குருக்கள் வேறாகவும், தாழ்த்தப்பட்டோரிடையே உழைத்த ‘பண்டாரசாமிகள்’ வேறாகவும் இருந்தார்கள். மேய்ப்பர் இருவகை, மந்தையும் இருவகை என்றானபின், சுவருக்கு அடித்தளம் தோண்டியாயிற்று. நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்ட கருத்தும் கருத்தியலாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம், நம் திருவிழாக்களே. இராமநாதபுரச் சீமையின் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் 1980களில் தங்கி ஆராய்ந்த டேவிட் மாஸ் என்ற இங்கிலாந்து மானிடவியலார் 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். புனிதரின் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யார் தேரைத் தொடலாம் என்பவற்றின் மூலம் ஊரின் படிநிலை ஆண்டுதோறும் அரங்கேறியதை அதில் விளக்குகிறார். அதே திருவிழா, பின்னாளில் தாழ்த்தப்பட்டோர் தங்கள் உரிமையைக் கேட்ட களமாகவும் மாறியது. மரியாதை மறுக்கப்பட்ட இடத்திலேயே மரியாதை கேட்கப்பட்டது.

உண்மையே திரையாகும்போது

சுவர் இடிந்தது, கதை முடிந்தது என்று சொல்ல முடியுமானால் மகிழ்ச்சியே. 2008 மார்ச் 9 அன்று, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். மோதிய இரு தரப்பும் ஒரே மாதாவைக் கொண்டாடும் மக்கள். தனிக் கல்லறை, தனிப் பாதை, தனிச் சப்பரம் என்ற வடிவங்களில் அந்தப் பழைய சுவர் வேறு சில ஊர்களிலும் தலைகாட்டி வந்திருக்கிறது.

இவ்விடத்தில் நாம் ஒரு முக்கியமான வாக்கியத்தை ஆராய வேண்டும். ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’ என்பது அந்த வாக்கியம். நம்பிக்கையாகப் பார்த்தால் இதைவிட உண்மையான சொல் கிடையாது. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதியதன் சாரம் இதுவே. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்தவனுக்குத் தரையும் காட்டும் சபையைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிப்பதும் இதற்காகவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, இனம், நிறம், சமூக நிலை முதலியவற்றால் எழும் வேற்றுமை எதுவும் இறைவனின் திட்டத்துக்கு எதிரானது என்று கற்பிக்கிறது.

ஆனால் அதே வாக்கியத்தை, உள்ள நிலையை விவரிக்கும் செய்தியாகச் சொன்னால் என்ன ஆகிறது? 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்து மதத்தைச் சேராதவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். அந்தத் திருத்தங்களில் கிறிஸ்தவர் இடம் பெறவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற தொழிலாளி, பட்டியல் சாதியினரான செருப்புத் தொழிலாளருக்கு அரசு வழங்கிய சிறு கடைக்கூண்டு கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1985-இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் வரும் இழிவும் இடர்ப்பாடும் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை.

இங்கே உள்ள முடிச்சைப் பாருங்கள். ‘எங்களிடம் சாதி இல்லை’ என்று மேடையில் நாம் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், செருப்புத் தைக்கும் சகோதரரின் வழக்கில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறோம். ‘எங்களிடம் சாதி உண்டு’ என்று ஒத்துக்கொண்டாலோ, நற்செய்திக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறோம். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு. அந்த வாக்கியத்தை வருணனையாகச் சொல்வதை விட்டுவிட்டு, நிறைவேற்ற வேண்டிய கடமையாகச் சொல்ல வேண்டும். கருத்தியல் எப்போதும் பொய்யின் வேடத்தில் வருவதில்லை. சில வேளைகளில் தூய்மையான ஓர் உண்மையையே எடுத்து, உள்ளதை மறைக்கும் திரையாக விரித்துவிடுகிறது.

திருச்சபை இதை உணராமல் இல்லை. 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதி மனப்பான்மைக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் 2ஆம் ஜான் பால் இதையே வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை மறைக்காமல் எழுத்தில் ஏற்றது. அரசின் பக்கத்தில், 2007-இல் நீதியரசர் இரங்கநாத் மிசுரா ஆணையம், பட்டியல் சாதி நிலையை மதத்தோடு இணைக்கும் நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் இப்பொருளை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப் பேரவை கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அந்த உரிமையை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

நம்பிக்கையும் சுவரை இடிக்கும்

இதுவரை சொன்னதைக் கேட்டு, மதம் என்பது ஏற்றத்தாழ்வுக்குப் பூசும் சுண்ணாம்புதானா என்று யாரும் மனம் சோரக்கூடாது. வேபர் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அதே வடக்கன்குளத்தில், சுவர் எழும்புவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1745-இல் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்டன் அவர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு மன்னரின் படைத்தளபதியான தெ லனாய் என்ற டச்சுக்காரர் வழியாக அவர் கிறிஸ்துவை அறிந்தார். திருமுழுக்கில் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகினார். துன்புறுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நீண்ட காலமாக அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டது.

ஒரே ஊர், ஒரே மதம், ஒரே நற்செய்தி. அதிலிருந்து ஒருவர் சாதியின் வரம்பைக் கடக்கும் துணிவைப் பெற்றார். பின்வந்தவர் சிலர் அதே ஊரில் சுவரைப் பெற்றார்கள். மன்ஹைம் சொன்ன இருவகை எண்ணங்களும் ஒரே கோவிலுக்குள் குடியிருந்தன. எது வெல்லும் என்பது எழுதி வைக்கப்பட்ட விதி அன்று. அந்தந்தத் தலைமுறையின் மக்கள் எதைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். பதிலை யாரும் மேடையில் சொல்ல வேண்டாம். வீட்டில், அன்பியத்தில், பங்குப் பேரவையில் அமர்ந்து பேசினால் போதும்.

திருவிழா வரியை எல்லார் வீட்டிலும் ஒரே அளவாக வாங்குகிறோமா? வாங்கிய பின், செலவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் எல்லார் வீட்டாரும் அமர்கிறார்களா? சப்பரம் செல்லாத தெரு நம் பங்கில் உண்டா? உண்டென்றால், பாதை குறுகல் என்ற காரணம் மெய்தானா? பீடச் சிறுவர்களும் வாசகம் வாசிப்பவர்களும் எந்தெந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பகுதியில் யார் உறங்குகிறார்கள்? நம் பிள்ளைகளின் திருமண ஓலை மூன்று முறை கோவிலில் வாசிக்கப்படுகிறதே, அதற்கு முன்பு தரகரிடம் நாம் கேட்ட முதல் கேள்வி என்ன?

இக்கேள்விகளுக்கு ‘அது அப்படித்தான், பழைய வழக்கம்’ என்ற விடை வருமானால், அங்கே நின்று கவனியுங்கள். எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள், யாருக்கு நன்மை, யாருக்கு வலி என்று நான்கு கேள்விகளைத் தொடர்ந்து கேளுங்கள். நல்ல வழக்கம் இந்த நான்கையும் தாங்கும். கூட்டாக அசனம் சமைத்து ஒரே பந்தியில் உண்பதும் வழக்கந்தான். அதைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் அது மேலும் ஒளிரும். கேள்வி கேட்டவுடன் கோபம் வருகிற வழக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வரலாறு பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. விழா மலர்களில் கோவில் கட்டக் காணிக்கை தந்தோரின் பெயர்கள் வரிசையாக அச்சாகும், அது நியாயமே. ஆனால் கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், கிணறு வெட்டியவர், மணியடித்தவர் ஆகியோரின் பெயர்களும் நம் முதியோரின் நினைவில் இருக்கின்றன. நினைவுள்ளவர்கள் மறைவதற்குள் இளைஞர் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதட்டும். யாருடைய பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது, யாருடையது மறக்கப்படுகிறது என்பதும் சமூகவியல் பாடந்தான்.

சமூகவியல் நமக்கு விசுவாசத்தைத் தராது. அது இறைவனின் கொடை. அந்தக் கொடையை எந்தப் பாத்திரத்தில் ஏந்தி நிற்கிறோம், பாத்திரத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லித் தரும். பாத்திரத்தைப் பழுதுபார்ப்பது நம் வேலை. நமது கோவிலில் பீடம் ஒன்றே. அப்பம் ஒன்றே. அதைச் சுற்றி நிற்கும் நாமும் ஒன்றாக நிற்கிறோம் என்று, நூற்றாண்டு விழாக் கொண்டாடப்போகும் நம் பேரப்பிள்ளைகள் ஐயமின்றி எழுதக்கூடிய ஒரு பங்கை அவர்களுக்கு விட்டுச் செல்வோம்.

 இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!